வானம் பார்த்த புறவாசல்

பெரிய டிஷ் ஆண்டெனாவை வீட்டில் எங்கே வைப்பது என்று கேட்டால், நம் ஊர்களில் உடனே வரும் பதில் மொட்டை மாடி. உயரம் கூடினால் படம் தெளியும் என்பது பழைய மீன்முள் ஆண்டெனாக் காலத்தின் அனுபவம். திருவனந்தபுரம் தூர்தர்ஷனையும் கடல் தாண்டி வந்த இலங்கை ரூபவாகினியையும் பிடிக்க, குமரி மாவட்டத்து வீடுகளில் குழாய்மேல் குழாய் சொருகி ஆண்டெனாவை உயர்த்தினார்கள். தரையை ஒட்டி வரும் அலைக்கு அது சரியான வழிதான். செயற்கைக்கோள் அலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஒன்றை நோக்கி, நாம் பன்னிரண்டு அடி மாடியேறி நெருங்கியதால் கூடப்போவது எதுவுமில்லை. டிஷ்ஷுக்கு வேண்டியது தடையில்லாத ஒரு துண்டு வானமும் அசையாத ஒரு நிலையும் மட்டுமே. கீரிப்பாறை போன்ற மலையடிவார ஊரில் இந்த இரண்டும் மாடியைவிடப் புறவாசல் தரையில் நன்றாகக் கிடைக்கின்றன. கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பதை அழகுக்காகச் செய்துகொள்ளும் சமரசம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் அட்சரேகையில் அதுவே பொறியியல் முறைப்படியும் சிறந்த இடம் என்பது என் வாதம்.

கீரிப்பாறை, நாகர்கோவிலுக்கு வடக்கே தடிக்காரன்கோணத்தைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலை இறங்கி முடியும் இடத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றி அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் தனியார் ரப்பர் விளைகளும், அவற்றுக்கு மேலே காடும் இருக்கின்றன. இந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 8.4 பாகை வடக்கு, தீர்க்கரேகை 77.4 பாகை கிழக்கு. இந்த இரண்டு எண்களிலேயே விஷயத்தின் பாதி இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் இருப்பவர்களுக்குச் செயற்கைக்கோள்கள் அடிவானத்தில் அல்ல, கிட்டத்தட்ட உச்சியில் நிற்கின்றன. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையைத் தரும் ஜிசாட்-15, 93.5 பாகை கிழக்கில் இருக்கிறது. கீரிப்பாறையிலிருந்து அது கிழக்கு-தென்கிழக்கில், தரையிலிருந்து சுமார் 69 பாகை உயரத்தில் தெரியும். 83 பாகைக் கோள்களுக்கு இந்த உயரம் 78 பாகை. மேற்கே 66, 68.5 பாகைகளில் உள்ளவற்றுக்கு 73 முதல் 76 வரை. அதே ஜிசாட்-15 டெல்லியில் 52 பாகையில்தான் தெரிகிறது. லண்டனில் வீடுகளின் சுவரில் மாட்டியிருக்கும் டிஷ்கள் சுமார் 25 பாகை உயரத்துக் கோளை நோக்குகின்றன.

இதன் விளைவு டிஷ்ஷின் உருவத்திலேயே தெரியும். எட்டடி விட்டமுள்ள டிஷ் லண்டனில் நின்றால், அதன் கீழ் விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் இடையே ஏழடி உயரம் இருக்கும். அடித்தாங்கியையும் சேர்த்தால் பத்தடிச் சுவர் ஒன்று முற்றத்தில் நிற்பதாகத் தோன்றும். கீரிப்பாறையில் அதே டிஷ், பாயசம் கிளறும் உருளியைப் போல வாயை மேல்நோக்கி வைத்துச் சற்றே சாய்ந்திருக்கும். 69 பாகைக் கோணத்தில் விளிம்புகளின் உயர வேறுபாடு மூன்றடிக்கும் குறைவு. கீழ் விளிம்பைத் தரையிலிருந்து இரண்டரை அடியில் வைத்தாலும், நடுவில் எழுந்து அலையை வாங்கும் எல்என்பி உள்பட மொத்த அமைப்பும் ஆறடி மதிலுக்குள் அடங்கிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் பெரிய டிஷ்ஷை மறைக்கப் படும் பாட்டில் பெரும்பகுதி நமக்கு இல்லை. அமெரிக்காவில் 1996-இல் வந்த ஒன்றிய விதி, ஒரு மீட்டருக்கு உட்பட்ட டிஷ்களை வீட்டுமனைச் சங்கங்களின் தடையிலிருந்து காப்பாற்றியது. அதைவிடப் பெரியவற்றுக்கு அந்தக் காப்பு இல்லாததால், செயற்கைப் பாறைக்குள்ளும் தோட்டக் குடைக்குள்ளும் டிஷ்ஷை ஒளித்து வைக்கும் உத்திகள் அங்கே பெருகின. நம்மைப் பொறுத்தவரை மறைக்கும் வேலையைப் பூமத்திய ரேகையே பாதி செய்து கொடுத்துவிட்டது.

"சுற்றிலும் மரம், பின்னால் வீட்டுச் சுவர், இதற்குள் வானம் எங்கே கிடைக்கும்?" என்பதே முதலில் எழும் மறுப்பு. அளந்து பார்த்தால் இது கரைந்துபோகிறது. 69 பாகையில் பார்க்கும் டிஷ்ஷை ஒரு மரம் மறைக்க வேண்டுமானால், அது தன் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தூரத்துக்குள் நிற்க வேண்டும். டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் பத்து மீட்டர் உயர்ந்த தென்னை நான்கு மீட்டருக்கு அப்பால் இருந்தால் தொந்தரவு இல்லை. இருபது மீட்டர் ரப்பர் மரத்துக்கு எட்டு மீட்டர் இடைவெளி போதும். 78 பாகைக் கோளுக்கு இந்தத் தூரமும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். நான்கு மீட்டர் உயர வீட்டின் வடபுறமே புறவாசலாக அமைந்திருந்தாலும், சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் டிஷ்ஷுக்கு வீட்டைத் தாண்டி வானம் தெரியும். இந்தக் கணக்கைத் தடை நேராகக் கோளின் திசையில் இருக்கும்போதுதான் போட வேண்டும்; பக்கவாட்டில் நிற்கும் மரங்களுக்கு இதுவும் தேவையில்லை. நமக்குத் தென்படும் கோள்கள் எல்லாமே உச்சிக்குத் தெற்கே, கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் ஒரு வில்லில் இருப்பதால், டிஷ்ஷின் வடக்குப் பக்கத்தில் எது எவ்வளவு உயரமாக நின்றாலும் பாதகமில்லை. விதிவிலக்கும் உண்டு. 1991-இல் ஸ்டார் டிவி ஒளிபரப்பத் தொடங்கிய ஏசியாசாட்-1 நின்ற 105.5 பாகை, இங்கே 56 பாகை உயரத்தில்தான் தெரியும். அத்தனை கிழக்கே போக விரும்புபவர் கிழக்குப் பக்க மரங்களுக்கு அவற்றின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் விட்டே ஆக வேண்டும்.

ரப்பர் விளைக்கு நடுவே இடம் பார்ப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று, வெளியூர் கையேடுகள் எதிலும் இராது. ரப்பர் மரம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுப் புதுத்தளிர் விடும். அந்த இடைவெளியில் டிஷ்ஷைப் பொருத்தினால் மொட்டைக் கிளைகளுக்கு இடையே சிக்னல் அருமையாக வரும். பொருத்தியவர் கூலி வாங்கிப் போய்விடுவார். மார்ச்சில் இலை அடர்ந்ததும் மீட்டர் இறங்கும். மழை தொடங்கி இலை நனைந்ததும் படம் சதுரம் சதுரமாக உடையும். பச்சை இலை என்பது பெரும்பகுதி நீர்தான், நீர் நுண்ணலையை விழுங்கக்கூடியது. வீட்டில் இருப்பவர்களோ எல்என்பி பழுது, கேபிள் பழுது, ரிசீவர் பழுது என்று ஒன்றை மாற்றி ஒன்று வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆகவே இடத்தை இலை நிறைந்த மாதங்களில்தான் முடிவு செய்ய வேண்டும். வளரும் கன்றுகளுக்குப் பத்தாண்டுக் கணக்கும் போட வேண்டும்.

தரையை ஆதரிக்கும் வலுவான சான்று இன்னொன்று, மலையும் மதிலும் தரும் காப்பு. பெரிய டிஷ் பிடிக்கும் சி-பேண்ட் அலைகள் 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ளவை. 2022-இல் இந்தியாவில் 5ஜி-க்கு ஏலம் விடப்பட்ட அலைவரிசைகளில் ஒன்று 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரை நீண்டு, இதன் விளிம்பை ஒட்டி வந்து நிற்கிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வரும் மெல்லிய அலைக்கு முன்னால், பக்கத்துக் கைபேசிக் கோபுரத்தின் அலை பேரிரைச்சல். அதற்கென வடிகட்டிகள் கிடைக்கின்றன, தேவைப்பட்டால் மாட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் முந்தைய தற்காப்பு இடத்தேர்விலேயே இருக்கிறது. கோபுரத்து அலை கிடைமட்டமாக வருகிறது, கோளின் அலை மேலிருந்து வருகிறது. முதலதை வீட்டுச் சுவரும் மதிலும் மண்மேடும் தடுக்கும், இரண்டாவதை அவை தொடுவதில்லை. பெரிய தரைநிலையங்களை மலை சூழ்ந்த பள்ளங்களில் அமைப்பதும், சுற்றிலும் மண்கரை எழுப்புவதும் உலகெங்கும் உள்ள வழக்கம், காரணம் இதுதான். மொட்டை மாடியில் ஏற்றிய டிஷ் எல்லாக் கோபுரங்களுக்கும் தன்னைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மலையைப் பற்றிய பயமும் தேவையற்றது. மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஆயிரம் மீட்டர் உயர்ந்து நிற்கும் முகடுகூட 18, 19 பாகையை மட்டுமே மறைக்கும். மலையோர ஊர்களில் தரைவழி அலைகளையும் கைபேசிச் சிக்னலையும் திணறடிக்கும் அதே மலை, உச்சியிலிருந்து இறங்கும் அலைக்குக் குறுக்கே வரவே முடியாது.

காற்றைப் பற்றி குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கடந்துபோனபோது ரப்பரும் வாழையும் தென்னையும் மின்கம்பங்களும் சாய்ந்ததை மாவட்டமே பார்த்தது. எட்டடி டிஷ்ஷின் பரப்பு நாலரைச் சதுர மீட்டர். மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்று அதன் முகத்தில் நேராக மோதினால், இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட எடை தள்ளுவதற்கு ஒப்பான விசை பிறக்கும். அதை ஒரு மாடியின் கைப்பிடிச் சுவரோ நான்கு போல்ட்டுகளோ தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் ஆபத்து. ஓட்டு வீடுகளுக்கோ இந்த வழியே இல்லை. மண்ணோட்டுக் கூரைமேல் இத்தனை பாரத்தை ஏற்றினால் முதல் மழையிலேயே ஒழுகும். தரையருகே காற்றின் வேகம் குறைவு, மதிலும் மரங்களும் அதை இன்னும் முறிக்கின்றன. மேல்நோக்கிச் சாய்ந்த டிஷ் காற்றுக்குக் காட்டும் முகமும் சிறியது. கோடை மழைக்காலத்திலும் ஐப்பசியிலும் மாலைதோறும் இடி இறங்கும் பகுதி இது. வீட்டின் உச்சியில் ஓர் இரும்புத் தட்டை நிறுத்துவதைவிடத் தாழ்ந்த இடத்தில் வைத்து, தாங்கியையும் கேபிளையும் முறையாக எர்த் செய்வது எவ்வளவோ நல்லது. இடி நேரத்தில் கேபிளைக் கழற்றிவிடும் பழக்கம் அப்போதும் வேண்டும்.

இவ்வளவும் சரி, கைக்கடக்கமான இரண்டடி டிஷ்ஷும் இணையமும் வந்தபின் எட்டடி டிஷ் யாருக்கு வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. இதற்கு வரலாற்றிலிருந்து தொடங்கினால்தான் பதில் விளங்கும். இந்தத் துணைக்கண்டத்தில் பெரிய டிஷ் பொழுதுபோக்குப் பொருளாக வரவில்லை. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 கோளைக் கொண்டு இஸ்ரோ நடத்திய 'சைட்' பரிசோதனையில், ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வியும் வேளாண் செய்தியும் போயின. அங்கே நின்றவை கோழிவலைக் கம்பியால் செய்த மூன்று மீட்டர் டிஷ்கள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஆனால் நமக்குத் தெற்கே கொழும்பில், செயற்கைக்கோள் தொடர்பின் கருத்தை 1945-லேயே எழுதிவைத்த ஆர்தர் கிளார்க்கின் வீட்டில், இஸ்ரோ பொறியாளர்கள் அதே காலத்தில் ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். நம் பகுதியில் ஒரு தனி வீட்டுக்கு வந்த முதல் பெரிய டிஷ்களில் அது ஒன்று. பிறகு தொண்ணூறுகளில் ஸ்டார், 1993-இல் சன் டிவி, அதே ஆண்டில் ஏசியாநெட் என்று வந்தபோது, கேபிள்காரர்களின் முற்றங்களில் எட்டடி, பன்னிரண்டடி டிஷ்கள் முளைத்தன. 1956 வரை திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலுமாக இருந்து, தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் பேசப்படும் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மொழி அலைவரிசைகளும் வேண்டியிருந்தன. வீட்டுக்கு நேராக வரும் கேயு-பேண்ட் சேவையை அரசு 1997-இல் தடுத்து 2000-இல் அனுமதித்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவசச் சேவை தொடங்கியது. அதன்பின் சின்ன டிஷ் வென்றது.

வென்றது சரி, மழையை அது வெல்லவில்லை. கேயு-பேண்ட் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர், சி-பேண்டின் நீளம் ஏழரை சென்டிமீட்டர். அலைநீளம் குறையக் குறைய மழைத்துளி அலையை அதிகம் உறிஞ்சிச் சிதறடிக்கிறது. கொட்டும் மழையில் கேயு-பேண்ட் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சில டெசிபல் இழக்கும்போது, சி-பேண்ட் இழப்பது அதில் மிகச் சிறிய பங்கு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மலையடிவாரத்துக்கு இது ஏட்டுக் கணக்கல்ல. புயல் எச்சரிக்கையைக் கேட்க வேண்டிய நேரத்தில்தான் சின்ன டிஷ் சிக்னல் இல்லை என்று காட்டுகிறது. மரம் விழுந்தால் கேபிளும் ஃபைபரும் அறுந்துபோகும். டிஷ்ஷுக்கு மின்சாரம் மட்டும் இருந்தால் போதும், அதை ஓர் இன்வெர்ட்டர் சில மணி நேரமாவது தரும். எல்லா வீட்டுக்கும் பெரிய டிஷ் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோட்டக் குடியிருப்பு ஒன்றுக்கு, ஒரு பள்ளிக்கு, நூலகத்துக்கு, நான்கைந்து உறவுக் குடும்பங்கள் சேர்ந்திருக்கும் ஒரு விளைக்கு ஒன்று இருப்பது வீணல்ல. ரப்பர்த் தோட்டங்களில் உழைக்கும் குடும்பங்களிலும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி இங்கே வந்து அமர்ந்தவர்களிலும், மாதச் சந்தா கட்டுவதை ஒரு சுமையாக உணர்பவர்கள் உண்டு. இலவச அலைவரிசைகளை ஒருமுறைச் செலவில் பெறுவது அவர்களுக்குப் பொருளுள்ள தேர்வு.

தரையில் வைப்பதன் உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது, அதை மறைத்துப் பேசக்கூடாது. வாயை மேல்நோக்கி வைத்த எந்தப் பாத்திரமும் நீரைப் பிடிக்கும், சருகைச் சேர்க்கும். கீழ் விளிம்பருகே தேங்கும் நீரில் கொசு முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கையளவு தெளிந்த நீர் போதும். கெட்டித் தகட்டு டிஷ்ஷானால் தாழ்ந்த புள்ளியில் விரல் நுழையும் துளை ஒன்று இட்டே ஆக வேண்டும்; அந்த ஒரு துளையால் சிக்னல் குறையாது. இன்னும் நல்லது வலை டிஷ். ஓட்டைகள் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது சி-பேண்டுக்கு ஏழு மில்லிமீட்டருக்குள் இருந்தால், அலைக்கு அது கெட்டித் தகடாகவே தெரியும். மழைநீரும் காற்றும் வெளிச்சமும் அதன் வழியே போய்விடும், தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணும் அதை ஊடுருவிப் போகும். மறைவாக வைக்க நினைப்பவருக்கு வலை டிஷ்ஷைவிடப் பொருத்தமானது இல்லை. சருகைத் துடைக்க வாரம் ஒருமுறை ஒரு துடைப்பம் போதும், தரையில் இருப்பதால் ஏணி வேண்டாம். குரங்கு மாடிக்கும் வரும் தரைக்கும் வரும், அதில் வேறுபாடில்லை. மாடும் காட்டுப்பன்றியும் உரசாமலிருக்கச் சிறு வேலி வேண்டும், கேபிளைக் குழாய்க்குள் புதைக்க வேண்டும். புறவாசலிலிருந்து முன்னறை வரை முப்பது மீட்டர் கேபிள் போனால் சிக்னல் கொஞ்சம் இறங்கும். நல்ல ஆர்ஜி-6 கேபிளும், தேவையென்றால் இடையில் ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரும் அதை ஈடுகட்டும்.

மறைப்பதில் செய்யக்கூடாத தவறு ஒன்றுண்டு. டிஷ்ஷின் முகத்தை எதனாலும் மூடக்கூடாது. உலர்ந்த துணியும் மெல்லிய ஃபைபர் கண்ணாடியும் அலையை விடும் என்பது உண்மைதான். கீரிப்பாறையில் எதுவும் உலர்ந்தே இருப்பதில்லை என்பதும் உண்மை. மறைப்பு பக்கங்களில்தான் வர வேண்டும். வடக்கே உயரமான செடிகள் எதுவும் வரலாம்; குரோட்டன், செம்பருத்தி, வாழைகூட. தெற்கிலும் கிழக்கிலும் இடுப்பளவுக்கு மேல் போகாத செடிகள் போதும். தாங்கியின் காலில் மிளகுக்கொடி ஏறலாம், விளிம்பைத் தாண்ட விடக்கூடாது. நிறம், பளபளப்பில்லாத சாம்பலோ இலைப்பச்சையோ. பளபளக்கும் வெள்ளைத் தகடு சூரிய வெப்பத்தை எல்என்பி மேல் குவித்து உருக்கிவிடக் கூடியது என்பதால், மங்கிய பூச்சு கண்ணுக்கு மட்டுமல்லாமல் கருவிக்கும் நல்லது. தாங்கிக்கு மூன்று அல்லது நான்கு அங்குல ஜிஐ குழாயை மூன்றடிக் குழியில் கான்கிரீட்டோடு, தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். எட்டடி டிஷ்ஷின் பார்வைக் கற்றை இரண்டு பாகையைச் சற்றே தாண்டும், கோள்களோ இரண்டு இரண்டு பாகை இடைவெளியில் நிற்கின்றன. மழையில் ஊறிய மண்ணில் குழாய் ஒரு பாகை சாய்ந்தாலே படம் போய்விடும். பணத்தை எங்காவது கூடுதலாகச் செலவிடலாம் என்றால் அது இந்தக் குழியில்தான்.

ஒளித்து வைப்பதே சந்தேகத்துக்கு இடம்தராதா என்று கேட்பவர்கள் உண்டு. ஈரான் தொண்ணூறுகளில் டிஷ்ஷைச் சட்டத்தால் தடுத்தது. மலேசியா 1996-இல் இரண்டடி டிஷ்ஷை அனுமதிக்கும் வரை வீட்டு டிஷ் அங்கே விலக்கப்பட்ட பொருள். அப்படிப்பட்ட நாடுகளில் மறைப்பதற்கு அச்சம் காரணம். இங்கே இலவச அலைவரிசைகளைப் பிடிப்பதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கட்டண அலைவரிசைகளின் பூட்டை உடைத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே அந்தப் பயம் இருக்க வேண்டும், அவருக்காக நான் வாதாடவில்லை. ஒதுக்கி வைப்பது அண்டை வீட்டாரின் கண்ணுக்கும், தெருவின் அமைதிக்கும், மலையின் தோற்றத்துக்கும் தரும் மரியாதை. அதே மரியாதை மரத்துக்கும் வேண்டும். டிஷ்ஷுக்கு வழிவிட ஒரு மரத்தை வெட்ட வேண்டியிருந்தால் மாற்ற வேண்டியது டிஷ்ஷின் இடம்தான். ஐந்தில் இரண்டு பங்குக் கணக்கு வேறோர் இடத்தை எப்படியும் காட்டித்தரும். காட்டை ஒட்டிய நிலமோ கழகத்துக் குடியிருப்போ ஆனால், குழி தோண்டுமுன் உரியவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேர்ந்த இடம் சரிதானா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் சில நாட்கள், சூரியன் நம் கண்ணுக்குக் கோள்களுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனின் இரைச்சலில் சில நிமிடங்கள் படம் மறைவது அப்போதுதான். 93.5 பாகைக் கோளுக்கு கீரிப்பாறையில் இது முற்பகல் 11 மணியை ஒட்டி நிகழும். அந்த நேரத்தில் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் எட்டடி வட்டம் ஒன்றைத் தரையில் வரைந்து, அதற்குள் முழு வெயில் விழுகிறதா என்று பார்த்தால் போதும். ஓர் இலையின் நிழல் விழுந்தாலும் அந்த இலை அலைக்கும் குறுக்கே நிற்கிறது என்று பொருள். ஏற்கெனவே டிஷ் வைத்திருப்பவர் எல்என்பியின் நிழல் தட்டின் நடுவில் விழுகிறதா என்று பார்க்கலாம். எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அதை வைத்துத் திருப்ப வேண்டிய திசை தெரிந்துவிடும். ரப்பர் புதிதாய் இலைவிட்ட மார்ச்சில் ஒருமுறையும், மழையில் தழைத்த செப்டம்பரில் ஒருமுறையும் பார்த்து, இரண்டிலும் வட்டம் முழுக்க வெயில் விழும் இடத்தில் குழி தோண்டலாம்.